கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் 50 மீட்டர்

கேள்வி: 11 ஜனவரி 2025

பெங்களூரு, மடிவாளாவிலிருந்து எழுதுகிறேன். இதுவரை 160 ஸ்கூபா டைவ். போன வருடம் டெகோ (நேரே மேலே வராமல், வழியில் நின்று நின்று வர வேண்டிய டைவ்) படிப்பும் முடித்தாயிற்று. முதுகில் இரட்டை சிலிண்டர், இரண்டு ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருவது), மணிக்கட்டில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மாஸ்க், மூன்று டார்ச். என்னிடம் இல்லாத ஒரே பொருள் பட்டி (buddy), அதாவது கூட இறங்கும் ஆள். ஆர்வமும் லீவும் ஒன்றாக வாய்த்த ஆள் இந்த ஊரில் கிடைக்க மாட்டேன் என்கிறார். கிடைத்த இரண்டு பேரோடு போய்ப் பார்த்தேன், அவர்களைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும்போது 50 மீட்டருக்குத் தனியாகப் போவதில் என்ன தவறு? பட்டிதான் பெரிய ஆபத்து என்கிறேன் நான். மறுக்க முடிந்தால் மறுங்கள்.

11 ஜனவரி, இரவு 11.20

போகாதீர்கள். என் பதில் அவ்வளவுதான். தூக்கம் வராததால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில் அந்த 'பட்டி'யை விட்டுவிடுவோம். தமிழில் அது மாடு கட்டும் இடம். கோரமங்களாவில் என்னோடு அறையில் இருந்த மலையாளி நண்பனை ஒரு தடவை நாலு பேர் முன்னால் "இவன்தான் என் பட்டி" என்று அறிமுகப்படுத்தினேன். அவர்கள் மொழியில் அது நாய். கூட்டாளி என்றே எழுதுகிறேன்.

50 மீட்டரில் சுற்றிலும் 6 பார் அழுத்தம். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆள் அங்கே 120 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் என்றால் 4,800 லிட்டர். கணக்குக்கு 40 நிமிடம். பதறினால் மூச்சு இரண்டு மடங்காகும், 40 நிமிடம் 20 ஆகும். அதற்குள் டெகோ சேர்ந்திருந்தால் நேரே மேலே வரவும் முடியாது. கூரை போட்ட மாதிரிதான். இதெல்லாம் படித்தவர் உங்களுக்குத் தெரியும். இரட்டை சிலிண்டரும் இரண்டாவது ரெகுலேட்டரும் இதற்கு ஓரளவு விடை சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைக்க வேண்டிய மண்டை ஒன்றுதானே இருக்கிறது?

ஒரு தடவை 45 மீட்டரில், சாதாரணக் காற்றில், சிலிண்டரில் மீதி எத்தனை பார் என்று காட்டும் கேஜைப் பார்த்தேன். 110. கையை இறக்கினேன். எவ்வளவு பார்த்தோம்? மறுபடி தூக்கிப் பார்த்தேன், 110. இறக்கினேன், போச்சு. மூன்றாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நைட்ரஜன் மயக்கம் ஆளை அவ்வளவு சுகமாக முட்டாளாக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

12 ஜனவரி, காலை 7.05

காபியோடு மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். 'போகாதீர்கள்' என்று பெரிய மனுஷத் தோரணையில் எழுதியிருக்கிறேன். நானே தனியாகப் போயிருக்கிறேன். சொல்லிவிடுவது நல்லது.

2019, புதுச்சேரிக் கடல், 18 மீட்டர். டெக் (டெகோ செய்யும் ஆழ டைவ்) கிடையாது, ஒற்றை சிலிண்டர், பக்கத்தில் சின்ன பாட்டில் ஒன்று. படகில் மற்ற நால்வரும் மாணவர்கள். "நான் அந்தப் பக்கம் மீன் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைவிட்ட நைலான் வலை ஒன்று பாறையில் கிடந்தது. தண்ணீருக்குள் அது கண்ணுக்கே தெரியாது, முடி மாதிரி இருக்கும். முன்னால் போகமுடியவில்லை என்றபோதுதான் மாட்டியிருக்கிறோம் என்று புரிந்தது. பின்னால், வால்வில். கை எட்டவில்லை. கத்தி கெண்டைக்காலில். காலை மடக்கினால் வலை இறுகுகிறது. கடைசியில் ரெகுலேட்டரைப் பல்லில் கடித்தபடி சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட்டையே கழற்றி, குழந்தையைத் திருப்புவது போல முன்னால் திருப்பி, ஒவ்வொரு இழையாக அறுத்தேன். ஒரு பத்து நிமிடம் ஆகியிருக்கும். 130 பாரில் இருந்த கேஜ் வெளியே வரும்போது 100.

மேலே வந்து யாரிடமும் சொல்லவில்லை. மீன் பார்த்தீர்களா சார் என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன்.

12 ஜனவரி, மதியம்

பத்து நிமிடம் என்று எழுதியது தப்பு. என் சிலிண்டர் 11 லிட்டர், 30 பார் குறைந்தால் 330 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். அந்தப் பதற்றத்தில் 30 லிட்டர் வீதமாவது இழுத்திருப்பேன், அதாவது அங்கே நிமிடத்துக்கு 84 லிட்டர். வகுத்துப் பாருங்கள், நான்கு நிமிடம்கூட முழுதாக வரவில்லை. ஆறு வருடமாகப் பத்து நிமிடம் என்றே எல்லோரிடமும் கதை அளந்திருக்கிறேன்.

இப்போது நெஞ்சுப் பட்டையில் ஒரு கட்டர், கம்ப்யூட்டர் பட்டையில் ஒரு கட்டர். காலில் கத்தி கட்டுவதை விட்டுவிட்டேன்.

12 ஜனவரி, இரவு 10

உங்கள் பக்க நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சண்டை சுவாரசியப்படாது.

தனியாக டைவ் செய்வதற்கென்றே படிப்பு இருக்கிறது. எஸ்டிஐ என்ற டைவ் பயிற்சி அமைப்பு நடத்துவதற்கு 21 வயதும் 100 டைவும் வேண்டும். பாடி (PADI) என்ற இன்னோர் அமைப்பு நடத்துவதற்கு 18 வயது, அதே 100 டைவ். இரண்டுமே பொழுதுபோக்கு ஆழத்துக்கானவை, அதைக் கவனியுங்கள். டெகோவைத் தனியாகச் செய்யச் சொல்லி யாரும் அங்கே சான்றிதழ் தருவதில்லை. மறுபுறம் ஜியூஇ அமைப்பு தனி டைவ் என்ற பேச்சையே ஏற்காது, அவர்களுக்கு எல்லாமே அணிதான்.

ஆனால் இங்கிலாந்தின் குகைக்காரர்கள் வேறு சாதி. அங்கே 1946-லிருந்து கேவ் டைவிங் குரூப் இயங்குகிறது. அந்த ஊர்க் குகைகளில் தண்ணீர் நிரம்பிய பகுதிகள் உடம்பு நுழையும் அகலம்தான் இருக்கும், உள்ளே சேறு கலங்கினால் கை முகத்தருகே வந்தாலும் தெரியாது. அங்கே பின்னால் ஒருவர் வந்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார், வழியையும் அடைப்பார். அதனால் தனியாகப் போவதே அங்கே வழக்கம். 2018 ஜூலை 2 அன்று தாய்லாந்துக் குகையில் வெள்ளத்தில் சிக்கிய கால்பந்து அணிப் பையன்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலான்தெனும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அதே குகையில் நான்கு நாள் கழித்து, சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமான் குனான் இறந்தார். தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர். அவரோடு ஒரு கூட்டாளி இருந்தார், வெளியேயும் இழுத்து வந்தார். பிழைக்கவில்லை.

ஆக, உங்கள் பேச்சில் கால்வாசி உண்மை. 'அவர்களைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது' என்று எழுதினீர்களே, அதை நானும் பட்டிருக்கிறேன். படகில் கை குலுக்கி, கீழே 15 மீட்டர் தள்ளி கேமராவோடு மிதக்கும் கூட்டாளியை விட இல்லாத கூட்டாளி மேல். இல்லை என்று தெரிந்தாலாவது ஒழுங்காக இருப்போம்.

13 ஜனவரி

யாரோ 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, மணிக்கட்டில் இரண்டு கம்ப்யூட்டர் கட்டி ஆழத்தைத் தசம ஸ்தானம் வரை தெரிந்துகொண்டுதான் காலை விடுகிறோம். பிரச்சினையே அதுதான்.

16 ஜனவரி, தூத்துக்குடி

பொங்கலுக்கு அம்மா ஊர். பெரியப்பா சங்கு குளித்தவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், காது பாதிதான் கேட்கும். திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டே உங்கள் கேள்வியை அவரிடம் வைத்தேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் தெருவுக்கே தெரியும்.

"ஏல, கயித்த யாருகிட்ட குடுத்துட்டுப் போறான் அவன்?"

"கயிறே கிடையாது பெரியப்பா. முதுகுல சிலிண்டர்."

"சரி, மேல யாரு இருக்கா?"

"படகு இருக்கும்."

"படகு இழுக்குமாக்கும்?"

முத்துக் குளித்த காலத்தில் காலில் கல்லைக் கட்டி இறங்குபவர் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் தம்பி கையில் கொடுத்தால் சொத்து ஞாபகம் வந்தாலும் வரும், மச்சானுக்குத் தன் கூடப் பிறந்தவள் தாலி ஞாபகம் வரும். தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல். பெரியப்பா அப்போது சிறுவர், பார்த்திருக்கிறார், குளித்ததில்லை. மச்சான் கதை நிஜமா என்று கேட்டேன். "எங்க மச்சான் குடிகாரன்லா, அவன்கிட்ட யாரு குடுப்பா" என்றார். அவர் கயிற்றைப் பிடித்தது பக்கத்து வீட்டுக்காரராம்.

பிறகு ஒன்று சொன்னார், அதுதான் பெங்களூரு வரை கூட வரப்போகிறது. கயிறு பிடிப்பவருக்கு வேலை இழுப்பது மட்டும் இல்லையாம். கீழே போனவருக்கு நேரம் தெரியாது, சங்கைக் கண்டுவிட்டால் மூச்சு மறந்துபோகும். மேலே இருப்பவர்தான் அவருக்கும் சேர்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாராம்.

18 ஜனவரி, இரவு

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

2017-இல் எகிப்தின் தஹாபில் டெக் படித்தேன். கடைசிக்கு முந்தைய டைவ், 48 மீட்டர். இடது பக்கம் இரண்டு பாட்டில் தொங்குகிறது. ஒன்றில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன், அதை 21 மீட்டரில் வாயில் வைக்கலாம். இன்னொன்றில் முழு ஆக்சிஜன், 6 மீட்டருக்கு வந்த பிறகுதான் தொடவே வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் உள்ளங்கை அளவு எண் ஒட்டியிருக்கும், 21, 6 என்று.

கூட்டாளி மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். என்னை விடப் பத்து வயது சின்னவள், டைவில் என்னை விடச் சீனியர். 21 மீட்டருக்கு வந்தோம். குளிர், கொஞ்சம் அசதி, அடியில் நன்றாகப் போனது என்ற திருப்தி. கை பழக்கத்தில் இறங்கி ஒரு வால்வைத் திறந்தது, ஹோஸை உருவியது, ரெகுலேட்டரை முகம் வரை கொண்டுவந்தது. திடீரென்று மணிக்கட்டில் ஒரு பிடி. டார்ச் வெளிச்சம் என் பாட்டிலில் வட்டமடிக்கிறது. ஒரு விரலைப் படுக்கையாக நீட்டிக் காட்டுகிறாள். டைவர் கைமொழியில் அது ஆறு.

21 மீட்டரில் முழு ஆக்சிஜன் என்றால் அதன் அழுத்தம் 3.1 பார். எல்லை 1.6, அதற்கு மேல் ஆக்சிஜனே நஞ்சு. வலிப்பு வந்தால் வாயில் இருப்பது விழும், அடுத்த மூச்சு கடல்தான்.

நான் அன்று அவசரப்படவில்லை. பயப்படவில்லை. எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டேதான் தப்பான பாட்டிலைத் திறந்தேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். என்னிடம் எல்லாம் இரண்டிரண்டு இருந்தது, எதுவும் பழுதாகவில்லை. அந்தப் பெரிய எண்ணை பாட்டிலின் வெளிப்பக்கம் ஒட்டுகிறோம். எனக்கு அது தெரிய வேண்டுமானால் பாட்டிலைத் தூக்கிக் கழுத்தை வளைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு டார்ச்சைத் திருப்பினால் போதும்.

அன்று சாயங்காலம் கரையில் டீ குடிக்கும்போது அவள் சொன்னது ஒரே வார்த்தை. "ஆறு, அண்ணா." அதன் பிறகு மணிக்கணக்கில் மாட்டுங்கா ரசம் பற்றித்தான் பேசினோம்.

19 ஜனவரி

மருத்துவர் ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துக்கொண்டார். 'வலிப்பு வந்தால்' என்று எழுதினாலும், 6 மீட்டரைத் தாண்டினால் வந்தே தீரும் என்ற தொனி இருக்கிறதாம். நியாயம்தான். வந்தே தீரும் என்றில்லை. டெகோ நோய்க்கு (சட்டென்று மேலே வந்தால் உடம்புக்குள் நைட்ரஜன் குமிழி கட்டுவது) அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தரும்போது 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், அதாவது 2.8 பாரில், முழு ஆக்சிஜன்தான் கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணை அதுதான். ஆனால் அங்கே நோயாளி உலர்ந்த இடத்தில் ஓய்வாகப் படுத்திருப்பார். நடுநடுவே காற்று கொடுத்து இடைவெளி விடுவார்கள். பெரிய அறை என்றால் உள்ளே கவனிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார், வலிப்பு வந்தால் முகமூடியை எடுத்துவிடுவார். தண்ணீருக்குள் உழைத்துக்கொண்டிருக்கும் உடம்பு அவ்வளவு தாங்காது. ஒரு நாள் ஒன்றும் ஆகாது, இன்னொரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் வரும், அதே ஆளுக்கே.

ஆறாம் அட்டவணை, ஆறு மீட்டர், ஆறு அண்ணா. எனக்கு அந்த எண்ணோடு ஏதோ ஜாதகப் பொருத்தம்.

19 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

பாட்டில் தலைகீழாகத் தொங்கினால் 6 என்பது 9 ஆகத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியும். அதனால்தான் அடியில் ஒரு கோடு போடுகிறோம். 9 மீட்டரில் முழு ஆக்சிஜன் 1.9 பார்.

21 ஜனவரி

நேற்று நீங்கள் 'ஜாம்பவான்கள் எல்லாம் தனியாகத்தான் போனார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். போனார்கள்தான்.

ஷெக் எக்ஸ்லி குகை விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விதி எழுதியவர். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்ற விதி இன்று எல்லோர் வாயிலும் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். 1994 ஏப்ரல் 6, மெக்சிகோவில் தண்ணீர் நிரம்பிய சகட்டோன் பள்ளம். அவரும் ஜிம் பவ்டனும் ஒரே நாளில், தனித்தனிக் கயிற்றில், தனித்தனியாக இறங்கினார்கள். பவ்டன் திரும்பினார். எக்ஸ்லியின் உடல் பிறகு கயிறு சுற்றிய நிலையில் கிடைத்தது. கீழே என்ன நடந்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

யூரி லிப்ஸ்கி, 2000 ஏப்ரல் 28, தஹாபில் புளூ ஹோல் என்ற கடற்குழி. ஒற்றை சிலிண்டர், சாதாரணக் காற்று, 91 மீட்டரில் இறந்தார். அந்த ஆழத்தில் காற்றிலேயே ஆக்சிஜன் 2.1 பார் ஆகிவிடும், நைட்ரஜன் மயக்கம் தனி. அவருடைய கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது, அதைத் தேடிப் போய்ப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு ஒரு மாதம் தண்ணீரில் இறங்கவில்லை. புளூ ஹோல் கரைப் பாறையில் இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் பதித்திருக்கும். நாங்கள் தினமும் அதன் முன்னால்தான் ஃபின் மாட்டினோம்.

டேவ் ஷா, 2005 ஜனவரி 8, தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல், 270 மீட்டர். பத்து வருடம் முன்பு அங்கே இறந்த டியான் டிரேயரின் உடலை எடுக்கப் போய் அவரும் இறந்தார். ரீப்ரீதரில் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி) இருந்தார், கயிறு சிக்கியது, உழைப்பில் கரியமில வாயு ஏறியது. பெரிய அணியே மேலே பல மட்டங்களில் காத்திருந்தது, ஆனால் அடியில் அவர் மட்டும்தான். இவரை உங்கள் கட்சியில் சேர்ப்பதா என் கட்சியில் சேர்ப்பதா என்று இன்னும் குழப்பம். 270 மீட்டரில் பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் இரண்டு உடல்கள் என்றும் ஆகியிருக்கலாம்.

23 ஜனவரி

ஆழத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை இருக்கிறது, வீடு 920 மீட்டர் உயரத்தில். டைவ் முடித்து உடனே உயரம் ஏறினால் அழுத்தம் குறைந்து அதே குமிழித் தொல்லை வரலாம்.

டைவுக்குப் பின் விமானம் ஏறுவது பற்றி டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது: டெகோ இல்லாத ஒற்றை டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுக்கு 18, டெகோ டைவ் என்றால் அதற்கும் கணிசமாக மேலே. இந்தக் கணக்கு சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. ஒசூர் வரும்போதே 850-ஐத் தாண்டிவிடுகிறோம். முருதேஸ்வரில் இறங்கி நேத்ராணித் தீவில் காலையில் இரண்டு டைவ் போட்டு, ராத்திரி பஸ்ஸில் மலை ஏறி, திங்கள்கிழமை ஒன்பது மணி மீட்டிங்கில் உட்காருகிறோம். விமானம் ஏறவில்லை என்ற நிம்மதி வேறு.

2022-இல் புதுச்சேரியிலிருந்து தனியாகக் காரில் வந்தேன், இரண்டு நாளில் ஐந்து டைவ். திருவண்ணாமலை வரை பாட்டு. கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏறும்போது இடது தோளுக்குள் ஒரு வலி, மூட்டுக்குள்ளே யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல. சிலிண்டர் தூக்கியதுதான் என்று நானே தீர்ப்பு சொல்லி, நானே மேல்முறையீடு செய்து, நானே தள்ளுபடி செய்து, ஒசூர் ரோடு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஒரு கையால் ஓட்டினேன். மறுநாள் ஒரு மருத்துவமனையில் காட்டியபோது டைவ் என்ற சொல்லையே காதில் வாங்காமல் தைலம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாளில் போய்விட்டது. சுளுக்காகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து சீட்டில் ஒரு டைவர் இருந்திருந்தால் சூளகிரியிலேயே வண்டியை ஓரம் கட்டி ஆக்சிஜனுக்கு வழி பார்த்திருப்பார், மலையையும் ஏறவிட்டிருக்க மாட்டார்.

தனியாக டைவ் என்றால் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டும் என்று நினைத்தேன். காரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

24 ஜனவரி

அப்படியானால் உங்கள் மச்சானைக் கூட்டிப் போகலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, மச்சானும் டைவர் இல்லை. அவருக்கு பாத்டப்பே பயம்.

26 ஜனவரி, காலை

கேள்வி கேட்ட தம்பி நேற்று போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினோம், அரை மணி நேரம் சண்டை. 50 மீட்டரை விடவில்லை, தனியாகப் போவதை இந்த வருடத்துக்கு மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறாராம். சரி, கிடைத்த வரை லாபம்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் புதுச்சேரி போகிறோம். 30 மீட்டர்தான், டெகோ கிடையாது. ஆனால் இரண்டு பாட்டிலையும் கட்டிக்கொண்டு 21-இல் நின்று மாற்றிப் பழகுவோம். இரண்டிலுமே சாதாரணக் காற்று, ஸ்டிக்கர் மட்டும் நிஜம். நான் வேண்டுமென்றே ஒரு தடவை தப்பானதை எடுப்பேன், எந்தத் தடவை என்று சொல்ல மாட்டேன்.

அவர் பாட்டில்களின் போட்டோ அனுப்பினார். 6 சின்னதாக இருக்கிறது தம்பி, தீப்பெட்டி சைஸ். எஸ்.பி. ரோட்டில் ஸ்டிக்கர் வெட்டும் கடைகள் இருக்கின்றன, மாற்றிக்கொண்டு வாருங்கள். வெள்ளி இரவு பத்து மணிக்கு சில்க் போர்டு சிக்னலில் சந்திப்போம். ஞாயிறு டைவ் முடித்து அங்கேயே தங்குகிறோம், திங்கள் மதியத்துக்கு மேல்தான் கிளம்புவோம். ஆபீஸில் இப்போதே லீவ் சொல்லிவிடுங்கள்.